பிள்ளைகளும் இன்றைய சபைதான்

மே மாதம் நெருங்குகிறது. சேலத்துச் சந்தையில் மாம்பழம் வந்து இறங்கும்போதே சபைகளில் விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) பேச்சும் ஆரம்பித்துவிடும். பேனர், டி-ஷர்ட், ஆக்‌ஷன் சாங், கடைசி நாள் பரிசு என்று கமிட்டியில் மணிக்கணக்கில் பேசுகிறோம். பிள்ளைகளைப் பற்றி நாம் என்ன நம்புகிறோம் என்பதை யாரும் பேச எடுப்பதில்லை. முதலில் அதைப் பேசுங்கள் என்று கேட்கத்தான் இந்தப் பதிவு.

“பிள்ளைகள்தான் நாளைய சபை” என்று மேடையில் அடிக்கடி கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. யார் பெரியவன் என்று சீஷர்கள் கேட்டபோது, இயேசு ஒரு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்தினார். வளர்ந்த பிறகு வா என்று சொல்லவில்லை. சீரியப் படைத்தலைவன் நாகமானின் வீட்டில் தீர்க்கதரிசியைப் பற்றிப் பேசியது, பெயர்கூட எழுதப்படாத ஓர் அடிமைச் சிறுமி. கர்த்தர் கூப்பிட்டது சிறுவன் சாமுவேலை; அவர் சொன்னதை முதிர்ந்த ஆசாரியனாகிய ஏலி அந்தப் பையனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிள்ளைக்கு இன்றைக்கே தேவனோடு உறவு உண்டு. சிறுவர் ஊழியத்தில் மற்ற எல்லாம் இந்த நம்பிக்கையிலிருந்துதான் வரவேண்டும்.

ஞாயிறு பள்ளி தொடங்கிய கதையையும் நாம் மறந்துவிட்டோம். 1780இல் இங்கிலாந்தின் குளஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் அதை ஆரம்பித்தது, வாரமெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்காக. அவர்களுக்கு ஓய்வு ஞாயிறு மட்டும்தான். அங்கே வேதத்தோடு எழுத்தும் வாசிப்பும் சொல்லிக்கொடுத்தார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் அப்பாவும் அம்மாவும் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு, ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் சீசனில் வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைக்கு இது பொருந்தாதா? மனப்பாட வசனத்தை ஒப்பிக்க முடியாமல் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைக்குப் பல நேரம் வாசிக்கத்தான் தெரியவில்லை. முதலில் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுங்கள். போட்டியும் பரிசும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் வலிப்பது பயமுறுத்துகிற ஊழியம். நரகத்தைப் படம் படமாகக் காட்டி, விளக்கை அணைத்து, “இன்று ராத்திரி நீ செத்தால் எங்கே போவாய்?” என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்பது. உடனே எல்லாக் கைகளும் உயரும். அந்த எண்ணிக்கை அறிக்கையிலும் ஏறும். பயந்துபோன பிள்ளை எதற்குத்தான் கை தூக்காது? “எங்க தாத்தா கோயிலுக்குப் போறவரு, அவரு நரகத்துக்குப் போவாராக்கா?” என்று ஒரு பிள்ளை கேட்டால் நாம் என்ன சொல்லப்போகிறோம்? அந்தக் கேள்வியில் இருப்பது அன்பு. “சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ” என்று ஆபிரகாம் கேட்டதைச் சொல்லலாம். தாத்தாவுக்காகச் சேர்ந்து ஜெபிக்கலாம். அதற்கு மேல் தீர்ப்புச் சொல்லும் வேலையை யாரும் நமக்குக் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வயதில் இயேசுவே தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். நம் வகுப்பில் கேள்வி கேட்கும் பையனை “வாயாடி” என்று உட்காரவைக்கிறோம்.

சேர்வராயன் மலைக் கிராமங்களுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே நம் பாட்டைக் கேட்டு ஓடிவரும் பிள்ளைகளில் பலர் சேர்வராயனைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளைகள். முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய், அம்மா அப்பாவிடம் நாம் யார், என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று மறைக்காமல் சொல்லி அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். “வீட்டில் சொல்லாதே” என்று ஒரு பிள்ளையிடம் சொல்லும் ஊழியம், “உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக” என்ற கட்டளையை அந்தப் பிள்ளையை வைத்தே மீறுகிறது. பென்சில் பாக்ஸைக் காட்டி ஜெபம் சொல்லவைப்பதும் வேண்டாம். பசித்த பிள்ளைக்குச் சாப்பாடு கொடுங்கள், பதிலுக்கு எதுவும் கேட்காதீர்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது. சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றி இயேசு பேசியது, கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது பற்றி. அவ்வளவு கடுமையாக அவர் பேசியது குறைவு. எந்த ஆசிரியரும் ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால் நம்புங்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீஸில் சொல்வது ஒவ்வொருவரின் கடமை. சபைப் போதகரான ஐயருக்கும் கமிட்டிக்கும் விலக்கு இல்லை, மறைத்தால் தண்டனை உண்டு. “சபைக்குள்ளேயே பேசி முடிச்சிக்கலாம்” என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து மறுத்துப் பேசுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வகுப்புச் சுவரில் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் ஒட்டுங்கள்.

இந்த மே மாத விபிஎஸ்ஸுக்கு எங்கள் சபையில் பெற்றோர் அனுமதிப் படிவமும் ஆசிரியர் நடத்தை விதிகளும் தமிழில் தயார் செய்துகொண்டிருக்கிறோம். உங்கள் சபைக்கும் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன். கமிட்டி கூடும்போது, பேனர் பேச்சு எடுப்பதற்கு முன்னால் அவற்றை வாசித்துவிடுங்கள்.