பழைய எண்ணத்துக்குத் திரும்புவது திருட்டு அல்ல

தன் பழைய கட்டுரையின் சில வாக்கியங்களைப் புதிய கட்டுரையிலும் எழுதியதற்காகப் பூஜ்யம் வாங்கிய அந்த மாணவியைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டாம் என்றுதான் மூன்று நாட்களாக இருந்தேன். நேற்று ஒருவர் அவளைத் 'திருடி' என்று எழுதியதைப் படித்த பிறகு பொறுக்க முடியவில்லை.

என்ன திருடினாள்? முதலாண்டில் தன் பாட்டியின் காது மந்தமானதைப் பற்றி எழுதினாள். மூன்றாம் ஆண்டில் முதுமையின் தனிமை என்று தலைப்புக் கொடுத்தபோது அதே பாட்டியிடம் திரும்பிப் போனாள். முதல் கட்டுரையில் பாட்டிக்குக் கேட்கவில்லை. இரண்டாவதில், கேட்காதவரிடம் வீட்டார் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். இரண்டும் ஒரே எண்ணமா? பழைய கட்டுரையின் நான்கு வாக்கியங்கள் மென்பொருளில் சிக்கின, மதிப்பெண் பூஜ்யம். அந்த மென்பொருள் சொல்வரிசைகளை ஒப்பிட்டு, எவ்வளவு பொருந்துகிறது என்று மட்டுமே காட்டும். திருட்டா இல்லையா என்று படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். அவர் படித்தாரா?

ஒரே கட்டுரையை இரண்டு வகுப்பில் கொடுத்து மதிப்பெண் வாங்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. அந்த நான்கு வாக்கியங்களுக்கும் அவள் ஒரு குறிப்புப் போட்டிருக்க வேண்டும், முன்கூட்டியே கேட்டிருக்கவும் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். அதற்குத் திருத்தச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் பழைய எண்ணத்துக்கே திரும்பியதைச் 'சோம்பேறித்தனம்' என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. டார்வின் 1842இல் பரிணாமம் பற்றிய தன் கருத்தை 35 பக்கத்தில் எழுதிப் பார்த்தார். 1844இல் அதையே 230 பக்கமாக விரித்தார். நூலாக வெளிவந்தது 1859இல். பதினேழு ஆண்டுகள் ஒரே எண்ணம். ஒரு மாணவியை டார்வினோடு ஒப்பிடலாமா என்றால், ஒப்பிடுவேன். யோசிக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் யோசிக்கிறார்கள். புதிய தலைப்பைத் தேடிப் பிடிப்பது சுலபம். பழையதைத் திறந்து, அன்று எங்கே தவறாக நினைத்தோம் என்று பார்ப்பதுதான் கடினம்.

நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்றால், கல்லூரியில் நானும் இரண்டு முறை என் அப்பாவைப் பற்றி எழுதினேன். நாற்பது வயதுக்கு மேல் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர் அவர். முதல் முறை பெருமையாக எழுதினேன். இரண்டாம் முறை, அதுவரை அவர் கைநாட்டு வைத்தபோதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை எழுதினேன். ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு வந்தது: "இதை முன்பே படித்துவிட்டேன். வேறு விஷயமே இல்லையா?"

இருந்தது. எனக்கு அக்கறையே இல்லாத விஷயங்களை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அப்பாவைப் பற்றி அதன்பின் ஒரு வரியும் எழுதவில்லை. அவர் இறந்தபோது நான்கு வரி எழுதித் தரச் சொன்னார்கள். தாளை வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன்; வரவில்லை.

அந்தப் பெண் இதைப் படித்தால் அவளிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போது பாட்டியிடம் யார் பேசுகிறார்கள்? அதையும் எழுதம்மா. மூன்றாம் முறையானாலும் நான் படிக்கிறேன்.