நகர மன்றத்துக்கும் போலீசுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்

"சிங்கப்பூர் பாசிர் ரிஸ் கடற்கரையில் ராத்திரி கூத்தடிக்கிறார்கள், நாம் மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில்தான் போலீஸ் ரோந்து நடக்கிறது, நகர மன்றம் அதைக் குறைத்துவிட்டது" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். கோபம் நியாயம்தான், கணக்குதான் தப்பு.

அந்தக் கட்டணம் நம் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்குப் போவது; புளோக்கைக் கூட்டிக் கழுவ, தாழ்வார விளக்கு எரிய, லிஃப்ட் ஓட. அதில் ஒரு பங்கு, பின்னாளில் லிஃப்ட் மாற்றவும் பெயின்ட் அடிக்கவும் தனித்தனி நிதிகளில் சேர்கிறது. போலீஸ் உள்துறை அமைச்சின் கீழ் வருவது. ரோந்தைக் கூட்டவோ குறைக்கவோ நகர மன்றத்துக்கு அதிகாரமே இல்லை, தலைவர் எம்.பி.யாக இருந்தாலும் சரி.

பாசிர் ரிஸ் பூங்கா நகர மன்றத்தின் இடமும் இல்லை. அதைப் பார்ப்பது தேசியப் பூங்காக் கழகம். கூடாரம் போட அனுமதி கொடுப்பதும் அவர்கள்தான். புளோக்கிலும் பலமாடிக் கார் நிறுத்தத்திலும் போலீஸ் என்று எழுதி மாட்டியிருக்கும் கேமராக்கூட 2012லிருந்து போலீஸ் பொருத்தியது.

அப்புறம், சட்டை மேல் வெஸ்ட் போட்டுக்கொண்டு அக்கம்பக்கத்தில் ரோந்து நடந்து துண்டுப்பிரசுரம் கொடுக்கிறார்களே, அவர்களைச் "சம்பளத்துக்கு வைத்த காவலாளிகள்" என்கிறார் அந்த அண்ணன். அவர்கள் சம்பளமில்லாத தொண்டூழியர்கள். வேலை முடிந்து வந்து நடக்கிறார்கள், பாவம்.

அடிதடி என்றால் உடனே 999. குப்பை, உடைந்த விளக்கு என்றால் ஒன்சர்வீஸ் என்ற அரசாங்கப் புகார்ச் செயலியில் படத்தோடு போடுங்கள், யாருடைய இடம் என்று அதுவே பார்த்து அனுப்பிவிடும்.