ஓசிக் கோதுமையால் ரோம் அழிந்ததாம்!

மறுபடியும் அதே ஃபார்வர்ட். "இலவசங்களால் அழிந்த ரோமப் பேரரசு." மேலே கொலோசியம் படம், கீழே வரிசையாகக் கைகூப்பும் எமோஜி. குடும்ப குரூப்பில் ஒன்று, அபார்ட்மென்ட் குரூப்பில் ஒன்று. உழைக்காமல் உட்கார்ந்து தின்ற ரோமானிய ஏழை, அதாவது பிளெபியன், ஒரு சாம்ராஜ்யத்தையே தின்று தீர்த்துவிட்டானாம். படிக்கும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் தேதியைப் பாருங்கள் சாமி. ரோமில் மலிவு விலைக் கோதுமையைக் கையஸ் கிராக்கஸ் என்ற அரசியல்வாதி கொண்டுவந்தது கி.மு. 123-ல். குளோடியஸ் என்ற இன்னொரு அரசியல்வாதி அதை முழு இலவசமாக்கியது கி.மு. 58-ல். பேரரசு தன் உச்சப் பரப்பை எட்டியது பேரரசர் டிராஜன் காலத்தில், கி.பி. 117-ல். அதாவது ஓசிக் கோதுமை கொடுத்துக்கொண்டே 170 வருஷத்துக்கு மேல் நாடு நாடாகப் பிடித்திருக்கிறார்கள். மேற்கு ரோம் விழுந்தது 476-ல். இவ்வளவு நிதானமாகக் கொல்லும் விஷத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை.

சரி, அந்த ஓசிதான் எவ்வளவு? மாதம் ஐந்து மோடியஸ், நம் கணக்கில் சுமார் 33 கிலோ. பட்டியலில் பெயர் உள்ள ஆண் குடிமகனுக்கு மட்டும். மனைவிக்குக் கிடையாது, மகளுக்குக் கிடையாது. ஒரு ஆள் வயிறாரச் சாப்பிடலாம், இன்னொருவருக்குக் கொஞ்சம் மிஞ்சும். வீட்டில் நான்கு பேர் என்றால் மாதக் கடைசி எப்படி இருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலிலும் ஜூலியஸ் சீசர் கை வைத்தார்: 3,20,000 பேர் 1,50,000 ஆனார்கள். அப்புறம் அகஸ்டஸ் காலத்தில் சுமார் 2,00,000.

அந்த நாட்களில் கொடுத்தது ரொட்டியும் அல்ல, வெறும் தானியம். டோக்கனைக் காட்டி, வரிசையில் நின்று, மூட்டையை வாங்கி, அதை ஒண்டுக்குடித்தனத்தின் நான்காவது மாடிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஏறி என்ன செய்வது? அங்கே அடுப்பு என்பது பெரும்பாலும் ஒரு கரிச்சட்டிதான். ரொட்டி சுட வழியில்லை. அதனால் அரைத்துச் சுட்டுத் தருபவனிடம் போய் அதற்கும் காசு அழ வேண்டும். எண்ணெய், காய்கறி, விறகு, வாடகை எல்லாம் சொந்தச் செலவு. இதற்குப் பெயர் உட்கார்ந்து தின்பதா? (கோபப்பட நியாயமுள்ள ஒரே ஆள் எகிப்து விவசாயி. வரியாகப் பிடுங்கப்பட்டது அவன் கோதுமை. அவன் ஃபார்வர்ட் அனுப்பினால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.)

வாடகை என்றதும் எனக்கு ரோமின் பெரிய பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ ஞாபகம் வந்துவிடும், வயிறு எரியும். கி.மு. 44-ல் நண்பர் அட்டிகஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அவருக்குச் சொந்தமான இரண்டு கடைகள் இடிந்து விழுந்துவிட்டன, மிச்சமெல்லாம் விரிசல், குடியிருந்தவர்கள் மட்டுமல்ல, எலிகள்கூடக் காலி செய்துவிட்டன என்று. ஜோக்கடிக்கிறார் மனுஷன்! இதைப் பேரிழப்பு என்பார்கள், எனக்கு இது தொந்தரவாகக்கூடத் தெரியவில்லை என்கிறார். அடுத்து, இந்த நஷ்டத்தையே லாபமாக்கும்படி திரும்பக் கட்ட யோசனை நடக்கிறதாம். எலிக்குக் கிடைத்த இடம்கூட அந்த வாடகைக்காரர்களுக்குக் கடிதத்தில் கிடைக்கவில்லை. எங்கே போனார்கள், யாருக்காவது அடிபட்டதா, ஒரு வரி இல்லை.

சிசரோவாவது பரவாயில்லை. ரோமின் பெரும் பணக்காரர் கிராசஸ் என்ன செய்தார்? வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க் சொல்கிறார்: தீப்பிடித்து எரியும் வீட்டையும், பயந்துபோன பக்கத்து வீடுகளையும் அடிமாட்டு விலைக்கு வாங்குவாராம். கட்ட ஆள் வேண்டுமே, கொத்தனாரும் கட்டடக் கலைஞருமாக 500-க்கும் மேற்பட்ட அடிமைகள் கைவசம். நகரத்தின் பெரும்பகுதி இப்படித்தான் அவர் கைக்குப் போனது. சட்டப்படி பார்த்தால், பழைய பிரபு வம்சத்தில் பிறக்காத குடிமகன் எல்லாருமே பிளெபியன்தான்; அந்தக் கணக்கில் கிராசஸும் சிசரோவும் பிளெபியன்களே, அது வேறு வயிற்றெரிச்சல். மாடியில் குடியிருந்த பிளெபியனுக்கு அந்தப் பட்டத்தால் பைசா பிரயோஜனமில்லை.

தூக்கமாவது உண்டா? நெரிசல் என்று சொல்லிப் பகலில் பெரும்பாலான வண்டிகளுக்குத் தடை. ஆகவே சரக்கு வண்டி அத்தனையும் ராத்திரியில், கல் பாவிய தெருவில், கடகடவென்று. கண் எரிய எழுந்து, விடியும் முன்னே டோகா என்ற மேலாடையைச் சுற்றிக்கொண்டு பணக்காரர் வாசலில் வணக்கம் வைக்க நின்றவர்கள் எத்தனையோ பேர், நாலு செம்புக் காசுக்காக.

அடுத்து அந்தப் புகழ்பெற்ற "ரொட்டியும் சர்க்கஸும்" (சர்க்கஸ் என்றால் இங்கே தேர்ப் பந்தயம்). கவிஞர் ஜுவெனல் சொன்னது. ஒருகாலத்தில் பதவிகளையும் படைகளையும் வழங்கிய மக்கள் இப்போது இந்த இரண்டுக்கு மட்டுமே ஏங்குகிறார்களாம். ஐயா, கி.பி. 14-ல் பேரரசர் திபேரியஸ் ஆட்சிக்கு வந்த கையோடு, அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை மக்களிடமிருந்து செனட்டுக்குப் போய்விட்டது. அதற்கு நூறு வருஷம் கழித்து வந்து, இவனுக்கு அரசியலில் அக்கறையில்லை என்று நக்கலடித்தால் எப்படி? வோட்டைப் பிடுங்கியவர்களைக் கேட்கத் துப்பில்லை, மூட்டை தூக்கியவனைக் கேட்கிறார்கள்.