குடல் கொழுப்பு அழற்சிக்கு விளக்கெண்ணெய் மருந்தல்ல

"ஸ்கேனில் மெசென்டெரிக் பானிகுலைட்டிஸ் என்று வந்தால் புற்றுநோய். வெளிச்செண்ணெயும் (தேங்காய் எண்ணெய்) மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) தின்றுதான் குடலைச் சுற்றிக் கொழுப்பு ஒட்டுகிறது. மூன்று நாள் விளக்கெண்ணெய் குடித்தால் கரைந்துவிடும்." நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பக்கமுள்ள வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

சிறுகுடலை முதுகுப்புறச் சுவரோடு இணைக்கும் மடிப்பின் பெயர் மெசென்டரி. இரத்தக் குழாய்கள் அதன் வழியாகத்தான் குடலுக்குப் போகின்றன. அங்குள்ள கொழுப்பு வீங்குவதே இந்த அரிய நோய். வெளிச்செண்ணெய் அங்கே போய் ஒட்டுவதில்லை. பலருக்கு வேறு காரணத்துக்கு எடுத்த சிடி ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவரும். தொந்தரவு இல்லையென்றால் பெரும்பாலும் மருந்தே வேண்டாம். வலி, எடைக்குறைவு இருந்தால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, சிலருக்கு அதோடு டமாக்சிஃபென் கொடுப்பார்கள். பிரெட்னிசோலோனை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

இது புற்றுநோய் அல்ல. ஆனால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும் ஸ்கேனில் இதுபோலத் தோன்றலாம். அதனால்தான் மருத்துவர் மறு ஸ்கேனோ, சந்தேகமிருந்தால் திசுப் பரிசோதனையோ கேட்கிறார். அதைத் தவிர்க்க வேண்டாம்.

விளக்கெண்ணெய் குடலுக்குள் வேலை செய்யும் பேதி மருந்து. வீங்கிய கொழுப்போ குடல் சுவருக்கு வெளியே இருக்கிறது. எப்படிக் கரையும்? வீக்கத்தால் குடல் அடைபட்டிருக்கும்போது குடித்தால் குடல் கிழியக்கூட வாய்ப்புண்டு. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.

சந்தேகமா? ஸ்கேன் அறிக்கையோடு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள், அல்லது 104 மருத்துவ உதவி எண்ணில் பேசுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.