காரை விட்டு இறங்காதவருக்கு ஊட்டியில் ஒன்றும் இல்லைதான்

அந்த ரீல்ஸை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். "ஊட்டில ஒண்ணுமே இல்லீங்க, பெட்ரோல் காசு தண்டம்" என்று கோயமுத்தூர்த் தம்பி சொல்கிறார். கீழே நம்மாட்களே "ஆமாங்க, செம வேஸ்ட்" என்று வரிசை கட்டி நிற்கிறார்கள்.

தம்பி போனது சீசன் ஞாயிற்றுக்கிழமை. படகு இல்லம், தாவரவியல் பூங்கா, சாக்லேட் கடை. மிச்ச நேரமெல்லாம் காருக்குள். முன்னால் நின்ற வண்டியின் நம்பர் பிளேட்டை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, ஊட்டியைப் பார்த்துவிட்டேன் என்றால் எப்படி?

அதே பூங்காவுக்கு மேலே ஏறினால் தோடர்கள் குடியிருக்கும் மந்து இருக்கிறது. போன வருஷம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வாசலில் ஓர் அம்மா, தோடர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளிக்கு எம்பிராய்டரி போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணியில் சிவப்பு நூலும் கருப்பு நூலும். துணியில் கோடு வரையவில்லை, அச்சு வைக்கவில்லை. நெசவின் இழையை எண்ணி எண்ணியே ஊசி போகிறது. என் அம்மா சென்னிமலைத் தறிக்காரர் வீட்டுப் பெண். கேட்டு வாங்கித் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏங் கண்ணு, இதுல எது உள்புறம்?" என்று கேட்டதும் அந்த அம்மா சிரித்துவிட்டார். அப்புறம் இரண்டு பேரும் நூல் விலை பேச ஆரம்பித்து, நான்தான் கிளப்பிக்கொண்டு வர வேண்டியிருந்தது. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. பூங்காவில் இருந்து நடக்கிற தூரம். இறங்கி நடந்தால் தெரியும்.

"எங்களுக்கு ஒரு நாள்தாங்க லீவு" என்பீர்கள். திருப்பூரில் வாரம் முழுக்க மிஷினில் உட்காருகிறவர் சொன்னால் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவருக்கும் வழி இருக்கிறது. கோத்தகிரி போய், கோடநாடு காட்சிமுனையில் கட்டுச்சோற்றைப் பிரிக்கட்டும். கீழே மாயாறும் தெங்குமரஹாடா கிராமமும் தெரியும். எங்க மேட்டுப்பாளையத்தில் இருந்து மலை ரயில் ஏறலாம். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் பிடித்து ஏறுகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? டிக்கெட் முன்கூட்டியே போட வேண்டும், அவ்வளவுதான்.

"மலைக்கு வண்டி ஏற இ-பாஸ் வேற இம்சை" என்று இன்னொருவர். 2025 கோடையில் சாதாரண நாளில் 6000, வார இறுதியில் 8000 வண்டி என்று உயர்நீதிமன்றம் சும்மாவா வரம்பு வைத்தது? இந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கவே இல்லை. குன்னூரில் இருக்கும் சித்தப்பாவை, நெஞ்சுவலி என்று கோயமுத்தூருக்கு இறக்கினோம். பர்லியாறு பக்கம் ஆம்புலன்ஸ் நகரவே இல்லை. எதிரில் ஏறி வந்தவர்கள் முந்தப் பார்த்து இரண்டு பக்கத்தையும் அடைத்திருந்தார்கள். இறங்கி ஓடிக் கண்ணாடியைத் தட்டினேன். பாட்டைக்கூட நிறுத்தாமல், "நாங்களும் காசு குடுத்துத்தாங்க வந்திருக்கோம்" என்றார் ஒருவர். அன்றைக்கும் யாரும் காரை விட்டு இறங்கவில்லை.

சித்தப்பா நன்றாக இருக்கிறார். அவர் மலையை வேஸ்ட் என்கிற வீடியோவைப் பகிர்ந்தவர்களில் நாலைந்து பேர் என் நட்பு வட்டத்திலும் இருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள்.