1, 2, 3 என்று ஓட்டுப் போட்ட ஊர்

கிளாஸ்கோவில் படித்த ஒன்றரை வருடத்தில் எது மனதில் நின்றது என்று யாராவது கேட்டால், மழையையும் கால்பந்தையும் விட்டுவிட்டு அங்கே ஓட்டுப் போட்டதைத்தான் சொல்வேன். கேட்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். வெளிநாட்டு மாணவனுக்கு ஓட்டா? ஆமாம். இந்தியர்களும் இலங்கையர்களும் காமன்வெல்த் கணக்கில் வருவதால், முறையான விசாவில் இருந்தால் பெயரைப் பதிந்துகொண்டு ஓட்டுப் போடலாம். ஸ்காட்லாந்தில் 2020 சட்டத்துக்குப் பிறகு எந்த நாட்டவருக்கும், அகதியாக வந்து தங்க அனுமதி பெற்றவருக்கும்கூட, உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு உண்டு. வயது 16 ஆனாலே போதும். இன்னொரு பக்கம், முழுநேர மாணவர்கள் கவுன்சில் வரி கட்ட வேண்டியதில்லை. வரி கட்டாமல் ஓட்டு மட்டும் போடுகிறோமே என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கூச்சத்தோடு போய்ப் போட்டேன்.

2022 மே 5ஆம் தேதி. நான் இருந்தது டென்னிஸ்டன் வார்டில். விரலில் மை வைக்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. பெயரும் முகவரியும் சொன்னதும் நீளமாக ஒரு தாளைக் கொடுத்தார்கள். மறைப்புக்குள்ளே ஒரு பென்சில். பிடித்த வேட்பாளருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று எண் போட வேண்டும். மூன்று கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுக்கிற வார்டு அது. நான் ஐந்து வரை போட்டேன். ஆறாவதாக ஒருவரை எவ்வளவு யோசித்தும் பிடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது கீழ்வீட்டுப் பெரியவர் படிக்கட்டில் நின்றிருந்தார். எழுபதைத் தாண்டியவர். விஷயத்தைப் பெருமையாகச் சொன்னேன். "நல்லது, சன்" என்றார். வயதானவர்கள் எங்களைப் போன்ற பையன்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஆனால் எதற்கு? அவர்கள் கையில் இப்போது என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, வீட்டுக்குள் கூட்டிப்போய் ஒரு பழைய பென்னிக் காசைக் காட்டினார். அப்பளம் மாதிரி நசுங்கியிருந்தது. 1962 செப்டம்பர் 4ஆம் தேதி கிளாஸ்கோவின் கடைசி டிராம்கள் ஊர்வலமாகப் போனதைப் பார்க்க மழையில் இரண்டரை லட்சம் பேர் நின்றார்கள். சிறுவனாக இருந்த இவரும் நின்றாராம். தண்டவாளத்தில் காசை வைத்து, டிராம் ஏறி நசுக்கியதை எடுத்து வைத்துக்கொண்டார். அந்த ஊரில் பல வீடுகளில் இந்தக் காசு உண்டு. "அது கார்ப்பரேஷன் டிராம்" என்றார். சொந்த மாட்டைப் பற்றிப் பேசுகிற குரல்.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிக் கொஞ்சம் படித்தேன். படித்ததில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உருவாகிவிட்டது. கிளாஸ்கோ கவுன்சிலிடம் அதிகாரம் குவிந்திருந்த நாளில் மக்கள் போட்ட ஓட்டுக்கும் கிடைத்த நாற்காலிக்கும் பொருத்தமே இல்லை. ஓட்டை ஒழுங்காக எண்ணும் முறை வந்து சேர்ந்தபோது கவுன்சிலின் சொத்துபத்தெல்லாம் கைமாறிவிட்டது.

ஊரின் ஆரம்பம் ஒரு பிஷப். 1175க்கும் 1178க்கும் இடையில் ஜோசலின் என்ற பிஷப் அரசரிடம் சாசனம் வாங்கி கிளாஸ்கோவைச் சந்தை நடத்தும் உரிமையுள்ள நகரமாக்கினார். பிறகு வியாபாரிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் யார் பெரியவர் என்று நெடுநாள் சண்டை. 1605ல் ஒரு உடன்படிக்கை எழுதி முடித்தார்கள். அந்த இரண்டு சங்கங்களின் தலைவர்களும் யாரும் ஓட்டுப் போடாமலேயே நகரசபையில் உட்காரும் வழக்கம் 1975 வரை இருந்தது என்றால் நம்புவீர்களா? மற்ற உறுப்பினர்கள் கதையும் அப்படித்தான். 1833 வரை பழைய சபையே புதிய சபையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. 1833 சட்டம் வந்த பிறகுதான், ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகை மதிப்புள்ள வீட்டில் இருந்த ஆண்களுக்கு ஓட்டு வந்தது. மேயர் என்ற பேச்சே அங்கே கிடையாது, லார்ட் ப்ரோவோஸ்ட். அவருக்குக் கீழே பெய்லிகள். ஒரு காலத்தில் இவர்கள்தான் சின்ன வழக்குகளுக்கு நீதிபதிகளும்.

ஆனால் கதை சூடுபிடிப்பது தண்ணீரில். 1832, 1848, 1853 என்று மூன்று தடவை காலரா வந்து ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனது. தண்ணீர் விற்றுக்கொண்டிருந்த தனியார் கம்பெனிகளை நம்பிப் பயனில்லை என்று முடிவுசெய்த நகரசபை, மலைநாட்டில் இருக்கிற லாக் கேட்ரின் ஏரியிலிருந்து சுமார் 34 மைல் தூரம் தண்ணீரைக் கொண்டுவருவதாகச் சொன்னது. ஃபோர்த் ஆற்றில் நீர் குறைந்து கப்பல் போக்குவரத்து கெடும் என்று கடற்படைத் தலைமையே ஆட்சேபித்தது. விடவில்லை. 1859 அக்டோபரில் விக்டோரியா ராணி மதகைத் திறந்துவைத்தார். பம்ப்செட் எதுவும் இல்லாமல் சரிவிலேயே ஓடிவருகிற தண்ணீர். 1866ல் காலரா மறுபடி எட்டிப் பார்த்தபோது முன்போல அள்ள முடியவில்லை. நான் குழாயில் பிடித்துக் குடித்ததும் அதே ஏரித் தண்ணீர்தான்.

ருசி கண்ட பூனை மாதிரி, அதன்பின் கார்ப்பரேஷன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தது. 1869ல் கேஸ். 1890களில் மின்சாரம். 1894ல் டிராம். 1923ல் சுரங்க ரயில். போலீஸ் அதற்கு முன்பே உண்டு. லண்டனில் பெருநகரப் போலீஸ் வருவதற்கு 29 வருடம் முன்னால், 1800லேயே தனிச் சட்டம் வாங்கி அமைத்தது. ஜார்ஜ் சதுக்கத்தில் 1888ல் திறந்த மாளிகையைப் பார்த்தால் அந்தக் காலத்துத் தெனாவட்டு புரியும். இத்தாலியப் பளிங்கில் படிக்கட்டு. நகரசபைக் கட்டடம் என்று சொன்னால் நம்ப முடியாது, ஏதோ ராஜா குடியிருந்தது போல இருக்கும்.

இதை வைத்து அது பொற்காலம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அதே கார்ப்பரேஷன்தான் ஏழைகளின் சின்ன வீடுகளின் கதவில் தகர வில்லை அடித்தது. இந்த வீட்டில் இத்தனை பேர்தான் தூங்கலாம் என்று அதில் எண் இருக்கும். நடுராத்திரியில் இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டி எண்ணிப் பார்ப்பார். கூடுதல் ஆட்கள் அலமாரிக்குள்ளும் கூரைமேலும் ஒளிந்துகொள்வார்கள். நெரிசலான குடியிருப்புகளை இடித்துச் சீரமைக்க 1866ல் திட்டம் போட்டு அதற்கு வரி விதித்த லார்ட் ப்ரோவோஸ்ட் ஜான் பிளாக்கியை அதே வருடம் வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நெரிசலில் கிடந்தவர்களுக்கு ஓட்டு இல்லை, வரி கட்டியவர்களுக்கு இருந்தது. வேறென்ன நடக்கும்?

இன்னொன்று. கார்ப்பரேஷன் நிலத்தில் மதுக்கடை கூடாது என்று 1890ல் ஒரு தீர்மானம் போட்டு 1960களின் கடைசி வரை விடாப்பிடியாக வைத்திருந்தார்கள். ஊருக்கு வெளியே ஆயிரக்கணக்கில் வீடு கட்டிக் குடியேற்றிய இடங்களில் ஒரு பப்கூடக் கிடையாது. அரசாங்கமே கடை திறந்து விற்கிற மாநிலத்திலிருந்து போன நான் இதை இரண்டு முறை படித்து உறுதிசெய்துகொண்டேன்.

கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் மேரி பார்பர் சிலை இருக்கிறது. 2018ல் வைத்தது. அதைப் பார்க்கத்தான் அந்தப் பக்கம் ஒருநாள் போனேன். 1915ல், ஆண்கள் போருக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். பார்பரும் மற்ற பெண்களும் வாடகை தர மாட்டோம் என்று நின்றார்கள். காலி செய்ய வந்த அமீனாக்களை விரட்டினார்கள். அந்த வருடமே வாடகையை உயர்த்தத் தடைபோட்டு நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. 1920ல் முதன்முதலாக ஐந்து பெண்கள் நகரசபைக்குள் நுழைந்தபோது அவரும் ஒருவர். குழந்தைகளுக்குப் பால், பொதுக் குளியலறை, துணி துவைக்கும் கூடம் என்று கேட்டு வாங்கினார். நகரசபைக்கு எதற்கு அதிகாரம் என்று யாராவது கேட்டால் நான் இந்த அம்மாவைத்தான் காட்டுவேன். அவர் கேட்டதையெல்லாம் கொடுக்கிற இடத்தில் அந்தச் சபை இருந்தது.

1933ல் லேபர் கட்சி முதல் தடவையாக நகரசபையைப் பிடித்தது. அதற்கு ஒரு காரணம் சங்கடமானது. கத்தோலிக்க எதிர்ப்பை மட்டுமே மூலதனமாக வைத்திருந்த புராட்டஸ்டன்ட் லீக் எதிரணியின் ஓட்டைப் பிரித்தது. அதன்பின் நடுநடுவே சில வருடங்கள் தவிர 2017 வரை லேபர்தான்.

அதிகாரம் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1948ல் மின்சாரம், 1949ல் கேஸ், இரண்டும் தேசியமயம். 1962ல் டிராம் ஒழிந்தது. 1975ல் கார்ப்பரேஷனையே கலைத்து, மாவட்ட கவுன்சிலாகச் சுருக்கி, மேலே ஸ்ட்ராத்கிளைட் என்று ஒரு மண்டல கவுன்சிலை வைத்தார்கள். ஸ்காட்லாந்தின் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி அதற்குள் அடக்கம். கிளாஸ்கோவின் தண்ணீரும் பள்ளிகளும் போலீஸும் அங்கே போயின.

இந்த ஸ்ட்ராத்கிளைட் செய்த ஒரு காரியத்துக்காக அதன்மேல் எனக்குத் தனி மரியாதை. லண்டனில் இருந்த கன்சர்வேட்டிவ் அரசு ஸ்காட்லாந்தின் தண்ணீரைத் தனியாரிடம் கொடுக்குமோ என்ற பயம் இருந்தபோது, 1994ல் தபால் மூலம் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பத்தில் ஏழு பேர் பதில் அனுப்பினார்கள், அதில் 97 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தண்ணீர் தனியாருக்குப் போகவில்லை. ஆனால் 1996ல் ஸ்ட்ராத்கிளைட்டே போய்விட்டது. நாடு முழுக்க 32 ஒற்றை அடுக்கு கவுன்சில்கள் வந்தன. கிளாஸ்கோவுக்குப் பழைய அதிகாரத்தில் கொஞ்சம் திரும்பியது, தண்ணீர் திரும்பவில்லை. வசதியான புறநகர்கள் எல்லைக்கு வெளியே. அங்கிருந்து தினமும் ஊருக்குள் வந்து வேலை பார்த்து, சாலையையும் மியூசியத்தையும் பயன்படுத்திவிட்டு, வரியை வேறு கவுன்சிலுக்குக் கட்டுகிறவர்கள் ஏராளம். ரதர்க்ளன்கூட 1996ல் கிளாஸ்கோவை விட்டுக் கழன்றுகொண்டது. எங்கள் சாசனம் உங்களுடையதைவிடப் பழையது என்று பெருமை பேசுகிற ஊர் அது. 2003ல் கவுன்சில் வாடகைக்கு விட்டிருந்த சுமார் 80,000 வீடுகள் ஒரு வீட்டுவசதிச் சங்கத்துக்கு மாறின. 2013ல் போலீஸும் தீயணைப்பும் தேசிய அளவில் ஒன்றாயின.

சரி, ஓட்டுக்கு வருவோம். 2003 தேர்தலில் லேபர் வாங்கியது பாதிக்கும் குறைவான ஓட்டு. கிடைத்தது 79 இடங்களில் 71. எதிர்க்கட்சி என்று சொல்ல எட்டே பேர். கேள்வி கேட்க ஆள் இல்லாத சபை எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்போது எடின்பரோவில் இருக்கிற ஸ்காட்லாந்து அரசில் லேபரும் லிபரல் டெமாக்ராட்டுகளும் கூட்டாட்சி. லிபரல்கள் பிடித்த பிடியில், லேபர் கவுன்சிலர்களே பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, 2004ல் சட்டம் வந்தது. 2007 முதல் ஒற்றை மாற்று வாக்கு முறை. நம் ராஜ்யசபாவுக்கு எம்எல்ஏக்கள் ஓட்டுப் போடும் அதே முறை. அங்கே அது கடைக்கோடி வாக்காளர் கையில் இருக்கிறது. நாலு இடம் உள்ள வார்டில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஓட்டு இருந்தால் ஒருவர் ஜெயித்துவிடலாம். மிச்ச ஓட்டு அடுத்த எண்ணுக்குப் போகும். ஒரே குறை, தாளில் பெயர்கள் அகரவரிசையில் இருப்பதால் மேலே இருப்பவருக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். நம் அய்யாசாமிகள் அங்கே நின்றால் பிழைத்துக்கொள்வார்கள்.

முறை மாறியதும் லேபர் விழுந்துவிடவில்லை. 2007ல் 45, 2012ல் 44 என்று பெரும்பான்மையோடு இருந்தது. ஸ்காட்லாந்து பிரிட்டனிலிருந்து பிரியலாமா என்று கேட்ட 2014 சுதந்திர வாக்கெடுப்பில் கிளாஸ்கோ சுதந்திரத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட பிறகுதான் அடித்தளம் ஆடியது. 2017ல் சுதந்திரம் கேட்கிற ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 39, லேபர் 31. நான் ஓட்டுப் போட்ட 2022ல் மொத்தம் 85 பேரில் தேசியக் கட்சி 37, லேபர் 36, பசுமைக் கட்சி 10, கன்சர்வேட்டிவ் 2. எவருக்கும் பெரும்பான்மை இல்லை, எல்லாரும் எல்லாரிடமும் பேசித்தான் ஆக வேண்டும். ஈராக்கிலிருந்து சிறுமியாக அகதியாக வந்த குர்து இனப் பெண் ரோசா சாலிஹ் அந்தத் தேர்தலில் கவுன்சிலரானார். எனக்கு இது பிடித்திருக்கிறது.

ஆனால் பேசி முடிவெடுக்க என்ன மிச்சம்? பள்ளிகள், முதியோர் பராமரிப்பு, குப்பை, சாலை, கட்டட அனுமதி இருக்கின்றன. சின்ன விஷயங்கள் என்று சொல்ல மாட்டேன். பணம்தான் கையில் இல்லை. பெரும்பகுதி எடின்பரோவிலிருந்து மானியமாக வருகிறது. கவுன்சில் வரியை 2008 தொடங்கி ஒன்பது வருடம், எடின்பரோவில் ஆண்ட தேசியக் கட்சி அரசு அப்படியே நிறுத்தி வைத்தது. உயர்த்தக் கூடாது என்று சட்டம் இல்லை, உயர்த்தினால் அதற்கென்று தருகிற கூடுதல் மானியம் கிடைக்காது. 2024லும் மறுபடி அதே கதை. தண்ணீர் வாக்கெடுப்பின்போது லண்டனைத் திட்டியவர்கள் எடின்பரோவில் நாற்காலி கிடைத்ததும் நகரங்களிடம் அதே மாதிரி நடந்துகொள்கிறார்கள் என்பது என் புகார். அங்கே என் நண்பர்கள் பலர் தேசியக் கட்சிக்காரர்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

உள்ளூர் ஆட்களும் யோக்கியம் இல்லை. பெண்கள் அதிகம் செய்கிற வேலைகளுக்கு ஆண்களின் வேலைகளைவிடக் குறைவாகச் சம்பளம் கொடுத்த முறையை 2006ல் லேபர் கவுன்சில் கொண்டுவந்தது. வீட்டுப் பராமரிப்பு, துப்புரவு, பள்ளிச் சமையல் செய்கிற பெண்கள் 8,000 பேருக்கு மேல் 2018 அக்டோபரில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குப்பை அள்ளும் ஆண்களில் பலர் அவர்கள் மறியலைத் தாண்டி வேலைக்குப் போக மறுத்தார்கள். அடுத்த வருடம் 54.8 கோடி பவுண்டுக்கு உடன்பாடு. அந்தப் பணத்துக்கு, ரிவர்சைட் மியூசியம் உள்ளிட்ட கட்டடங்களைக் கவுன்சில் தன்னுடைய நிறுவனத்துக்கே விற்று, தானே திரும்ப வாடகைக்கு எடுத்துக்கொண்டது. அந்த மியூசியத்துக்குள்தான் பழைய கார்ப்பரேஷன் டிராம்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த கவுன்சில் தேர்தல் 2027 மே மாதம். இப்போது அங்கே படிக்கப் போயிருக்கும் தம்பி ஒருவன் யாருக்குப் போடலாம் அண்ணா என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறான். யாருக்கு வேண்டுமானாலும் போடு, 1 மட்டும் போட்டுவிட்டு வந்துவிடாதே என்று எழுதினேன். டென்னிஸ்டன் பக்கம் போனால் கீழ்வீட்டுப் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு எட்டு பார்த்துவிட்டு வரவும் சொல்லியிருக்கிறேன்.