அனிமேயைத் தாங்கிப் பிடித்தவர்கள்

2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' என்ற அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் படம், தமிழ்க் குரலோடு நம் திரையரங்குகளுக்கு வந்தபோது, "இந்த வயதிலும் பொம்மைப் படமா?" என்று வீட்டில் கேட்டார்கள். படத்தின் தரத்தைச் சொல்லி வாதிடுவதைவிட, ஜப்பானில் இந்தக் கலையோடு அதன் ரசிகர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்வதே அதற்குச் சரியான பதில் என்று நினைக்கிறேன்.

1963 ஜனவரி 1 அன்று சித்திரக்கதை ஓவியர் ஒசாமு தெசுகாவின் 'அஸ்ட்ரோ பாய்' அனிமே தொடர் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் ஒரு அரை மணி நேரப் பகுதியைக் குறைந்த செலவில் முடிக்க வேண்டியிருந்ததால், ஒரே ஓவியத்தை மூன்று பிரேம்களுக்கு நிறுத்தி வைத்தார்கள். உடலை அசைக்காமல் வாயை மட்டும் அசைத்தார்கள். ஏற்கெனவே வரைந்த காட்சிகளை மறுபடியும் பயன்படுத்தினார்கள். அசைவு குறைந்த இடத்தைக் கதையும் கோணமும் குரலும் நிரப்பின. அனிமேயின் தனிப் பாணி என்று நாம் வியப்பதில் பெரும்பகுதி இந்தச் சிக்கனத்தில் விளைந்தது. ஓவியர்களின் குறைந்த கூலியும் அங்கிருந்தே தொடர்கிறது என்பதை மறைக்கக் கூடாது.

1979இல் யோஷியுகி தொமினோ இயக்கிய 'மொபைல் சூட் கண்டம்' (Gundam) என்ற ரோபோப் போர்த் தொடரைப் போதிய பேர் பார்க்கவில்லை என்று, 52 பகுதிகளாகத் திட்டமிட்டதை 43இலேயே முடித்துவிட்டார்கள். ரசிகர்கள் விடவில்லை. மறு ஒளிபரப்புகளில் கூட்டம் பெருகியது, அதில் வரும் ரோபோக்களின் பிளாஸ்டிக் மாதிரிகள் விற்றுத் தீர்ந்தன, 1981 பிப்ரவரி 22 அன்று டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்கு வெளியே பெருந்திரளாக இளைஞர்கள் கூடினார்கள். அனிமேக்குப் புது யுகம் பிறந்துவிட்டது என்ற பிரகடனம் அங்கே வாசிக்கப்பட்டது. அடுத்த மாதமே 'கண்டம்' திரைப்படமாக வெளிவந்தது.

என்னை மிகவும் கவர்வது 'காமிகெட்' சந்தைதான். 1975 டிசம்பரில் 32 குழுக்களோடும் சுமார் 700 பேரோடும் தொடங்கிய அந்தச் சந்தையில், ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சிட்ட மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) நூல்களை விற்கிறார்கள். இன்று லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். ஆனாலும் அங்கே வாடிக்கையாளர் என்று எவரும் இல்லை, விற்பவரும் வாங்குபவரும் பங்கேற்பாளர்களே என்ற கொள்கையை அமைப்பாளர்கள் கைவிடவில்லை. 'ஒடாகு' என்றால் ஜப்பானிய மொழியில் மரியாதையான 'தாங்கள்'. ரசிகர்கள் ஒருவரையொருவர் அப்படி விளிப்பதைக் கேலி செய்து, 1983இல் ஓர் இதழ் அந்தச் சொல்லையே அவர்களுக்குப் பட்டப்பெயராக ஒட்டியது. அந்த மரியாதையில் கேலிக்கு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கதாபாத்திரங்களை நேசிக்கும் நாம், வரைந்த கைகளையும் அறிந்திருக்க வேண்டும். 2019 ஜூலை 18 அன்று கியோட்டோ அனிமேஷன் நிறுவனத்தின் கட்டடத்துக்கு ஒருவன் தீ வைத்ததில் 36 பேர் இறந்தார்கள். ஓவியத்துக்கு இவ்வளவு என்று கூலி தரும் துறையில், கலைஞர்களுக்கு மாதச் சம்பளமும் பயிற்சியும் அளித்துவந்த நிறுவனம் அது. உலகெங்கிலுமிருந்து 300 கோடி யென்னுக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. எரிந்த கட்டடத்தின் அருகே ரசிகர்கள் பூக்களோடு வந்து அஞ்சலி செலுத்தினார்கள்.